கருக்கலில் துப்பாக்கித் துளை: தெரிவது எது, தெரியாதது எது?

காலை ஆறரை மணிக்கு உலு யாமில் இன்னும் இருட்டுதான். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டதிலிருந்து, ஆண்டின் பெரும்பாலான நாள்களில் நமக்குச் சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் உதிக்கிறது. ஆனால் வேலை அதற்குக் காத்திருப்பதில்லை. மிச்சமிருக்கும் ரப்பர் நிரைகளில் நெற்றி விளக்கோடு மரம் வெட்டுபவர்கள், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், கோம்பாக் - உலு யாம் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் என்று எல்லாரும் அந்த இருட்டிலேயே புறப்பட்டு விடுகிறார்கள்.

காட்டுப் பன்றிக்கும் அதே நேரம்தான். இரவெல்லாம் இளஞ்செம்பனைக் கன்றுகளின் அடியைத் தோண்டித் தின்றுவிட்டு, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிவிட்டு, வெளிச்சம் வருமுன் புதருக்குத் திரும்பும். ஆகவே பன்றியைத் தேடித் துப்பாக்கியோடு வருபவருக்கும் அந்த அரை மணி நேரம்தான் வேண்டும். மாலையிலும் அப்படியே.

இந்த நேரத்துக்குத் தமிழில் அழகான பேச்சுச் சொல் ஒன்று உண்டு: கருக்கல். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. விடியலுக்கு முன்னும் கருக்கல்தான், அந்தி சாய்ந்த பின்னும் கருக்கல்தான். வேட்டைக்காரர்கள் அடிக்கடி பேசிக்கொள்ளும் ஒரு கேள்வி இந்தக் கருக்கலைப் பற்றியதே. ‘பீப் சைட்’ எனப்படும் துளைக்குறி பொருத்திய துப்பாக்கி மங்கலான வெளிச்சத்தில் உதவுமா, உதவாதா? உதவும் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு, உபத்திரவம் என்று கழற்றி வீசியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பாதி உண்மையைச் சொல்கிறது. மீதிப் பாதி துப்பாக்கியே பிடிக்காத நமக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஏனென்றால் அந்தத் துளைக்கு அந்தப் பக்கம் நடந்து போகிறவர்கள் நாம்.

முதலில் துளைக்குறி என்றால் என்னவென்று பார்ப்போம். சாதாரணத் துப்பாக்கியில் குறி பார்க்க இரண்டு பாகங்கள் இருக்கும். குழலின் நுனியில் ஒரு முள், அது முன்குறி. குழலின் பின்பகுதியில் ஒரு சிறு வெட்டு, அது பின்குறி. வெட்டு, முள், இலக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பதால் கண்ணால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. நாற்பது வயதுக்கு மேல், செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்கும் பருவத்தில், பின்குறியின் வெட்டு வெறும் புகையாகிவிடும். துளைக்குறியில் அந்த வெட்டுக்குப் பதிலாகக் கண்ணுக்கு அருகில் ஒரு வட்டத் துளை இருக்கிறது. துளையைப் பார்க்கக் கூடாது, துளை வழியே பார்க்க வேண்டும். வட்டத்தின் நடுவில் முள்ளைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலையைக் கண் தானாகவே செய்து கொள்ளும். மூன்று பொருள் இரண்டாகக் குறைந்துவிடுகிறது. பகலில் இது அருமையான ஏற்பாடு.

இதைச் சோதித்துப் பார்க்கத் துப்பாக்கி வேண்டாம், ஓர் அட்டை போதும். குண்டூசியால் ஒரு சின்னத் துளை, சத்தே குச்சியால் ஒரு துளை, பென்சிலை நுழைத்து ஒரு பெரிய துளை போட்டுக் கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் குண்டூசித் துளை வழியே செய்தித்தாளைப் பாருங்கள். மங்கலாக இருந்த எழுத்து கூர்மையாகத் தெரியும். இது மாயம் அல்ல. சின்னத் துளை, கண்ணுக்குள் பல திசையிலிருந்து நுழையும் ஒளிக்கதிர்களை வடிகட்டி நேரானவற்றை மட்டும் விடுகிறது. கண் மருத்துவமனையில் ஓட்டை போட்ட கறுப்புத் தகட்டைக் கண்ணுக்கு முன் வைத்துப் படிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

அதே அட்டையோடு மாலைக் கருக்கலில் வாசலுக்கு வாருங்கள். குண்டூசித் துளையில் ஒன்றுமே தெரியாது. சத்தே குச்சித் துளையில் எதிர்வீட்டு வேலி நிழலாகத் தெரியும். பென்சில் துளையில், அட்டையே இல்லாதது போல ஏறக்குறைய எல்லாம் தெரியும்.

காரணம் எளிய கணக்கு. நம் கண்மணி வெயிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிக் கிடக்கும். கருக்கலில் இளைஞர்களுக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். ஆறு மில்லிமீட்டர் விரிந்த கண்ணுக்கு முன்னால் இரண்டு மில்லிமீட்டர் துளையை வைத்தால் உள்ளே போவது ஒன்பதில் ஒரு பங்கு ஒளி மட்டுமே. ஐந்து மில்லிமீட்டர் துளை என்றால் கிட்டத்தட்ட 70 விழுக்காடு போகும். பகலில் கண்மணியே சுருங்கியிருப்பதால் சின்னத் துளையின் நஷ்டம் தெரியாது. கருக்கலில் கண் விரியும், துளை விரியாது. துளைக்குறியைப் பற்றிய வாதமெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

இராணுவங்கள் இதை நன்றாக அறிந்தே வைத்திருக்கின்றன. பி.எல்.கே.என். முகாமில் எம்-16 துப்பாக்கியைப் பிடித்த நம் பிள்ளைகளுக்கு, கன்னத்தை ஒட்டி வைத்து எட்டிப் பார்த்த அந்தத் துளை நினைவிருக்கும். அதே துப்பாக்கியின் பிந்திய ஏ2 வகையில் ஒரே பின்குறியில் இரண்டு துளைகள் உண்டு, மடித்து மாற்றிக் கொள்ளலாம். சின்னது ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர், பகலில் தூர இலக்குக்கு. பெரியது 5 மில்லிமீட்டர், 200 மீட்டருக்குள் கிட்டத்து இலக்குக்கும் மங்கல் வெளிச்சத்துக்கும். அமெரிக்காவில் லைமன் என்பவர் 1879இல் காப்புரிமை பெற்ற பழைய துளைக்குறியின் வழியில் வந்தவற்றிலும், நடுவிலுள்ள சிறுதுளை வட்டைத் திருகிக் கழற்ற முடியும். அந்தி நேரத்தில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மிஞ்சும் பெரிய வளையத்தின் வழியே பார்ப்பார்கள். விளிம்பு மெலிந்த, துளை மிகப் பெரிய வகைக்கு ‘கோஸ்ட் ரிங்’, அதாவது பேய் வளையம் என்று பெயர். பார்க்கும்போது வளையம் மங்கி, இருந்தும் இல்லாதது போலாகிவிடுவதால் அந்தப் பெயர்.

ஆக, பெரிய துளை உதவும் என்பவரும் சின்னத் துளை கெடுக்கும் என்பவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

முன்குறிக்கும் ஒரு கதை உண்டு. வளையம் தெரிந்து என்ன பயன், முள் தெரிய வேண்டுமே? கறுப்பு முள் கறுப்புப் பன்றி மேல் விழுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தக் காலத்து ஷிகாரிகள் முள்ளின் மேல் வெள்ளைத் துணியையோ காகிதத்தையோ நூலால் கட்டிக் கொள்வார்கள். விலை உயர்ந்த ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் தந்தத்தாலோ வெள்ளை எனாமலாலோ செய்த பெரிய மணி ஒன்று மடிந்து கிடக்கும். நிலா வெளிச்சத்தில் அதை நிமிர்த்திக் கொள்ளலாம் என்பதால் ‘மூன் சைட்’ என்று அழைத்தார்கள். இன்று டிரிட்டியம் என்ற மெல்லிய கதிரியக்க வாயுவை அடைத்த, தானே ஒளிரும் புள்ளிகள் வந்துவிட்டன. அவையும் நிரந்தரமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அந்த வாயு பாதியாகக் குறைந்து, ஒளியும் மங்கிவிடும். பச்சையும் சிவப்புமாகப் பளிச்சிடும் ஃபைபர் இழைக் குறிகள் சுற்றியுள்ள வெளிச்சத்தைத் திரட்டி ஒளிர்பவை. திரட்ட வெளிச்சமே இல்லாதபோது அவை சும்மா பிளாஸ்டிக்தான்.

நம் வட்டாரத்துக்கும் துளைக்குறிக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1948 ஜூன் 18ஆம் தேதி மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் காட்டில் சுற்றிய பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினர் பலரின் தோளில் தொங்கியது, நம் பெரியவர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் குட்டை வடிவம். ‘ஜங்கிள் கார்பைன்’ என்று பெயர், முறையான பெயர் நம்பர் 5. முதல் உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்டில் குழலின் மேல் திறந்த வெட்டுக்குறிதான் இருந்தது. நம்பர் 4இலும் நம்பர் 5இலும் அதைப் பின்னுக்குத் தள்ளிக் கண்ணருகே துளைக்குறியாக்கினார்கள். நம்பர் 5க்கு இன்னோர் அடையாளம், குழல் நுனியில் புனல் போன்ற ஒரு மூடி. குழலைக் குட்டையாக்கியதால் சுடும்போது வாய்ப்பக்கம் பெரிய தீச்சுடர் கிளம்பியது. காட்டு நிழலில் அந்தச் சுடர் சுடுபவரின் கண்ணையே கூசச் செய்துவிடும். அதைக் குறைக்கத்தான் அந்தப் புனல். இருட்டில் சுடுவதில் இதுவும் ஒரு பாடம்: முதல் குண்டுக்கு முன் கண் எவ்வளவு பழகியிருந்தாலும், முதல் குண்டுக்குப் பின் அந்தப் பழக்கம் போய்விடும்.

அந்தக் காலத்தின் நினைவு இந்தப் பக்கத்தில் இலேசானதல்ல. 1948 டிசம்பரில் பக்கத்துப் பத்தாங் காலியில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களின் குடும்பத்தார் தொடுத்த வழக்கு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போய் 2015இல் தள்ளுபடியானது. அது தவறான அடையாளத்தால் நேர்ந்த வேட்டை விபத்து அல்ல, அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் துப்பாக்கியைப் பற்றி இங்கே எழுதும்போது அதைச் சொல்லாமல் தாண்டிப் போகவும் முடியாது.

இன்றைய நிலைக்கு வருவோம். இப்போது உரிமம் பெற்றுப் பன்றி வேட்டைக்கு வருபவர்களின் கையில் பெரும்பாலும் இருப்பது ரைஃபிள் அல்ல, 12 போர் சாட்கன். அதில் பின்குறியே கிடையாது, நுனியில் ஒரு மணி மட்டும். ஒற்றைக் குண்டுத் தோட்டா பயன்படுத்துபவர்களில் சிலர் பேய் வளையத்தைப் பொருத்திக் கொள்வதுண்டு. கருவி எதுவாக இருந்தாலும் பின்னால் இருக்கும் கண் ஒன்றுதான். வேட்டைக்காரர்களின் பேச்சில் விடுபட்டுப் போகும் மீதிப் பாதி அந்தக் கண்ணில்தான் இருக்கிறது.

நம் விழித்திரையில் இரண்டு வகை அணுக்கள் உள்ளன. கூம்பணுக்கள் பகலுக்கு. நிறமும் நுணுக்கமும் அவற்றின் வேலை. குச்சியணுக்கள் இரவுக்கு. அவற்றுக்கு நிறம் தெரியாது, கோடு தெளியாது, நிழல்தான் தெரியும். நாம் நேராக உற்றுப் பார்க்கும் நடுப்புள்ளியில் கூம்பணுக்கள் மட்டுமே நெருக்கமாக இருக்கின்றன, குச்சியணுக்கள் அங்கே இல்லை. அதனால் இருட்டு கூடக் கூட, நேராகப் பார்க்கும் இடம்தான் முதலில் குருடாகும். மங்கலான நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தால் மறைந்து, சற்றே பக்கத்தில் பார்த்தால் மறுபடி தெரிவது இதனால்தான்.

இந்தக் குருட்டுப் புள்ளியின் அகலம், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுக்குக் கொஞ்சம் குறைவு. சின்னதுதானே என்று தோன்றும். ஐம்பது மீட்டர் தூரத்தில் அது ஒரு மீட்டருக்கு மேல். ஒரு நடுத்தரப் பன்றி முழுதாக அதற்குள் அடங்கிவிடும். மரத்தின் அடியில் குனிந்து, தாழ்வான வெட்டுப்பட்டையைச் சீவிக் கொண்டிருக்கும் ஒரு மனிதரும் அடங்கிவிடுவார்.

துளைக்குறி இங்கேதான் தன் குணத்தைக் காட்டுகிறது. இரவில் பழகிய கண், தெரியாத ஒன்றைச் சற்று ஓரமாகப் பார்த்துத் தெரிந்து கொள்ளும். துளைக்குறியோ கண்ணை நடுவில் கட்டிப் போடுகிறது, நேராகப் பார், முள்ளைப் பார் என்கிறது. துளையைப் பெரிதாக்கினால், முள்ளில் ஒளிரும் புள்ளியை வைத்தால் குறி தெரியும். எதைக் குறி வைத்திருக்கிறோம் என்பது தெரியாது. நல்ல கருவி தரும் பொய்யான தைரியம் இது. வளையமும் முள்ளும் பளிச்சென்று இருப்பதால், எல்லாம் பளிச்சென்று இருப்பதாக மனம் எண்ணிக் கொள்கிறது. பன்றியைத் தேடிவந்த மனம், நிழலின் மிச்சத்தைப் பன்றியாகவே வரைந்து முடிக்கும். ‘காட்டுப் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்’ என்ற வாசகம், செய்தி மேசையில் இருக்கும் எங்களுக்குப் புதிதல்ல.

வயதும் சேர்ந்து கொள்கிறது. அறுபதைத் தாண்டியவரின் கண்மணி இருட்டில் இளைஞருடையதைப் போல விரியாது. கண்ணின் வில்லை மஞ்சளித்து, உள்ளே போகும் ஒளியை மேலும் குறைக்கும். நீரிழிவு விழித்திரையைத் தாக்கினால் இரவுப் பார்வைதான் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று, நீரிழிவு விகிதம் இந்நாட்டில் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். முப்பது வருடமாகச் சுடுகிறேன் என்று சொல்லும் அண்ணன்மார், முப்பது வருடத்துக்கு முந்தைய கண்ணோடு சுடவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

டார்ச் அடித்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். ஜிம் கார்பெட் 1926 மே மாதம் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டதே துப்பாக்கியில் பொருத்திய டார்ச்சின் ஒளியில்தான். அது ஊரே கதவடைத்துக் கிடந்த இரவு. நம் தோட்டம் அப்படியல்ல. தவிர, டார்ச் வெளிச்சத்தில் பலரும் தேடுவது பளபளக்கும் கண்களை. மாடு, ஆடு, நாய், பூனை ஆகியவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் அவற்றின் கண்கள் இருட்டில் நெருப்புத் துண்டு போல மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது, அதன் கண் அப்படி மின்னாது. செம்பனைக்கு அடியில் இரண்டு பச்சைப் புள்ளிகள் பளபளத்தால் அது பன்றியாக இருக்க வாய்ப்பு குறைவு, நம் வீட்டு மாடாக இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டத்தில் மாடு வளர்க்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மேயப் போன மாடு சில நாள் இரவில் பட்டிக்குத் திரும்பாது, அதைத் தேடிக்கொண்டு ஆளும் போவார்.

நேரமும் நமக்குச் சாதகமாக இல்லை. குளிர் நாடுகளில் அந்தி ஒரு மணி நேரம் நீண்டு கிடக்கும், அங்கே எழுதப்பட்ட வேட்டைக் குறிப்புகள் அந்த நீண்ட அந்தியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிலநடுக்கோட்டிலிருந்து மூன்றரைப் பாகைக்குள் இருக்கும் நமக்கு, சூரியன் மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் அந்தி முடிந்துவிடுகிறது. அதற்குள் திறந்த வெளியின் வெளிச்சம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. செம்பனை மட்டைகளுக்கு அடியில் அதுவும் இல்லை, சாலையில் இன்னும் சாயங்காலமாக இருக்கும்போதே உள்ளே இரவாகியிருக்கும். ஆனால் கண்ணிலுள்ள குச்சியணுக்கள் முழுதாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும். கண் தயாராகும் முன்பே வெளிச்சம் போய்விடுகிறது. இடையில் யாராவது கைப்பேசியைத் திறந்து வாட்ஸ்அப் பார்த்தால், பழக்கம் மறுபடி தொடக்கத்திலிருந்து.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீஸ் தரும் உரிமம் வேண்டும். அது இருந்தால் மட்டும் போதாது. காட்டுப் பன்றியைச் சுட, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் வழங்கும் உரிமமும் தேவை. நிபந்தனைகள் அந்தத் தாளிலேயே இருக்கும், படிக்க வேண்டியது உரிமக்காரரின் கடமை. தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி தனி.

அனுமதி கொடுக்கும் நிர்வாகம், அந்தச் செய்தியைப் பிரட்டில் ஆள்களிடம் சொல்கிறதா என்பதுதான் தோட்டத்து மக்கள் கேட்க வேண்டிய கேள்வி. எந்த நிரையில், எந்த நாளில், எத்தனை மணி வரை என்ற மூன்று தகவல் போதும். இன்று இந்த நிரைகளில் வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில் அது போய்ச் சேர வேண்டும். வேட்டைக்கு வருபவர்கள் தங்களுக்குள் வைத்துக் கொள்ளக்கூடிய அளவுகோலும் ஒன்று உண்டு. துப்பாக்கியைத் தோளில் வைக்காமல், வெறும் கண்ணால் பார்க்கும்போது அந்த உருவத்தின் தலை எது, கால் எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அன்றைய நேரம் முடிந்தது, துளை எத்தனை மில்லிமீட்டராக இருந்தாலும் சரி. ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது, இரண்டு நிரை தாண்டினால் லயத்து வீடு வந்துவிடும்.

கருக்கலில் நடப்பவர்களுக்கும் சில சொல்லலாம். கறுப்பு, பழுப்பு, அடர்பச்சைச் சட்டைகள் அந்த நேரத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். சிவப்பும் உதவாது, குச்சியணுக்களுக்குச் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் நிறம் தூரத்திலிருந்தே தெரியும். சாலைப் பணியாளர்கள் அணியும் ஒளி திருப்பும் பட்டையுள்ள மேலங்கி விலை அதிகமில்லை. மரம் வெட்டும்போது நெற்றி விளக்கின் ஒளி முன்னால் இருக்கும் பட்டையில் மட்டுமே விழுகிறது, முதுகுப் பக்கம் இருட்டு. பின்னால் இடுப்பில் ஒரு சின்னச் சிவப்பு மின்விளக்கைச் செருகிக் கொள்ளலாம். மேலே சொன்னது சிவப்புத் துணிக்குத்தான், எரியும் விளக்கு வேறு. சைக்கிளின் பின்விளக்கே போதும்.